நன்கொடை: கொடுக்கும் முன்னும் கொடுத்த பின்னும் செய்ய வேண்டியவை

கொடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். இந்தியாவில் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பி, அதற்குரிய சான்றிதழை வாங்கி, வருமான வரிக் கணக்கில் காட்டி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண்டு முழுவதும் மாதாமாதம் பணம் கட்டியிருந்தேன். ஜூலையில் சான்றிதழ் கேட்டால், "ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் சார்" என்ற ஒரே பதில். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் கடந்த பிறகும் ஆடிட்டர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன். சிக்கல் அதிகம் இருப்பது பணத்தில் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பொருள், ரத்தம், நேரம், கண் ஆகியவை பின்னால் வருகின்றன.

1. யாருக்கு, மாதம் எவ்வளவு

வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 200, 500 என்று அனுப்பிக்கொண்டிருந்தால், ஆண்டுக் கடைசியில் பணம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியாது. ஒன்று அல்லது இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, கையைக் கடிக்காத ஒரு தொகையை மாதந்தோறும் கொடுங்கள். வாங்குபவர்களுக்கும் அதுதான் வசதி. காப்பகத்தின் வாடகையும் சமையல்காரரின் சம்பளமும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டியவை. பண்டிகைக்கு மட்டும் குவியும் பணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஆண்டு முழுவதும் திட்டமிட முடியாது.

2. நிறுவனத்தின் காகிதங்களைப் பாருங்கள்

கேட்கத் தயங்காதீர்கள். ஒழுங்காக நடக்கும் இடங்களில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மின்னஞ்சலில் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியவை இவை.

பதிவுச் சான்று: அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணம் இருக்கும். சங்கம் என்றால், தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்கும். கம்பெனி வடிவில் இருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் வரும்.

நிறுவனத்தின் பான் எண்: நிறுவனர் பெயரிலோ அவர் மனைவி பெயரிலோ உள்ள பான் அல்ல. அறக்கட்டளையின் பெயரில் உள்ளது வேண்டும்.

80ஜி ஒப்புதல்: வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின் கீழ் நிறுவனம் வாங்குவது. உங்களுக்கு வரிச் சலுகை கிடைப்பது இதை வைத்துத்தான். ஒரு காலத்தில் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்றிருந்தது. 2021 ஏப்ரல் முதல் அப்படி இல்லை. தற்காலிக ஒப்புதல் 3 ஆண்டுகளுக்கும் முறையான ஒப்புதல் 5 ஆண்டுகளுக்கும் தரப்படுகிறது. ஆகவே சான்றிதழில் முதலில் தேட வேண்டியது, அது எந்த ஆண்டு வரை செல்லும் என்ற வரியை. 2010ஆம் ஆண்டின் பழைய கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். அதனால் உங்களுக்குப் பயன் இல்லை. ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. பெயரையோ பான் எண்ணையோ போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

தர்ப்பண் எண்: நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கின்றன. நிர்வாகிகள் யார், எந்த மாவட்டத்தில் என்ன செய்கிறார்கள் என்ற விவரம் அங்கே கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த எண் இருந்தால் அரசு நற்சான்று கொடுத்துவிட்டது என்று பொருள் அல்ல. விவரங்களைத் தந்து பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவற்றுக்கு மேல் கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் கேட்டுப் பார்க்கலாம். அதில் நான் பார்ப்பது ஒரே இடத்தை: செலவுப் பக்கத்தில் விளம்பரம், போக்குவரத்து, "இதர செலவுகள்" ஆகியவை சேர்ந்து, எந்தப் பணிக்காக நிறுவனம் நடக்கிறதோ அந்தப் பணியின் செலவை விழுங்கியிருக்கிறதா என்பதை. நிர்வாகச் செலவே இருக்கக் கூடாது என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கெழுத ஆள் இல்லாத நிறுவனம்தான் சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கும்.

3. பணம் அனுப்பும்போது

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு 80ஜி சலுகை கிடையாது. பெரிய தொகையைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள்.

க்யூஆர் குறியை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். அது அறக்கட்டளையின் பெயராக இருக்க வேண்டும். தனிமனிதர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "டிரஸ்ட் கணக்கில் சின்னப் பிரச்சினை, இப்போதைக்கு இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்பது பழைய தந்திரம்.

சலுகை கோரப்போகிறவரின் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். கணவர் போனிலிருந்து அனுப்பிவிட்டு மனைவி பெயரில் சான்றிதழ் கேட்டால் தேவையில்லாத கடிதப் போக்குவரத்துதான் மிஞ்சும். அனுப்பிய அன்றே உங்கள் பெயர் (பான் அட்டையில் உள்ளபடி), பான் எண், முகவரி, தொகை, தேதி, பரிமாற்ற எண் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். யுபிஐயில் வந்து விழும் 500 ரூபாய் யாருடையது என்று பல நிறுவனங்களுக்குத் தெரிவதே இல்லை. இந்த ஒரு மின்னஞ்சல் பின்னால் வரும் தொல்லையில் பாதியைக் குறைத்துவிடும்.

மாதச் சந்தாவுக்குத் தானியங்கிப் பற்று வைத்தால், பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிறுத்த நினைத்தால் உங்கள் யுபிஐ செயலியிலோ வங்கித் தளத்திலோ நீங்களே ரத்து செய்துகொள்ளலாம். தொண்டு நிறுவனத்திடம் மன்றாட வேண்டியதில்லை.

பொதுமக்களிடம் நிதி திரட்டித் தரும் தளங்களில் இரண்டு விஷயம். பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கென்று ஒரு "டிப்ஸ்" தொகை தானாகவே சேர்ந்திருக்கலாம். அதை மாற்றும் வழி பக்கத்திலேயே எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும், தேடுங்கள். அடுத்தது, தனிப்பட்ட நோயாளியின் சிகிச்சைக்காகக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி பொருந்தாது. அதனால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தால் நோயாளியின் பதிவு எண்ணை வாங்கி, மருத்துவமனையின் கணக்கிலேயே நேரடியாகக் கட்டிவிடுங்கள். குழந்தையின் படத்தோடு வரும் வேண்டுகோளில் தேதி இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்; சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகள் உண்டு.

4. ரசீது வேறு, சான்றிதழ் வேறு

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பணம் கட்டியதும் அழகான ரசீது வரும். கீழே "80ஜியின் கீழ் வரிவிலக்கு உண்டு" என்று அச்சிட்டிருப்பார்கள். 2021–22 நிதியாண்டிலிருந்து அது மட்டும் போதாது. நிறுவனம் ஆண்டு முடிந்ததும் நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் 10பிடி என்ற படிவத்தில் வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு துறையின் தளத்திலிருந்து 10பிஇ என்ற சான்றிதழை இறக்கி உங்களுக்குத் தர வேண்டும். இரண்டுக்குமே கடைசி நாள் மே 31.

கால வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31க்குள் பணம் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் உங்கள் நன்கொடைகளின் பட்டியலை நிறுவனத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். ஜூன் முதல் வாரத்தில் 10பிஇ கேளுங்கள். சம்பளக்காரர்கள் கணக்குத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31 என்பதால், தவறு இருந்தால் திருத்த உங்களுக்கு ஏறத்தாழ எட்டு வாரம் கிடைக்கும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட நிறுவனம் திருத்திய படிவத்தைத் தாக்கல் செய்ய முடியும். "ஒருமுறை போட்டால் மாற்ற முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இழுத்தடித்தால் என்ன செய்வது? தொலைபேசியில் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும் என்பதையும், தாக்கலே செய்யாவிட்டால் 10,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருப்பதையும் மரியாதையாகக் குறிப்பிடுங்கள். ஆடிட்டர் அதன் பிறகு சற்று வேகமாகப் பார்ப்பார்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சு வழக்கில் எல்லாரும் 80ஜி என்றே சொல்வார்கள். எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல், "வரித் துறையின் தளத்திலிருந்து இறக்கிய நன்கொடைச் சான்றிதழ்" என்று கேளுங்கள்.

5. உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. முதலில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய வரி முறையில் 80ஜி சலுகை கிடையாது. அதுவே இப்போது இயல்பான முறை. பழையது வேண்டுமென்றால் நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய முறையில் இருப்பவர் 10,000 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்கு 50 சதவீதக் கழிவுதான். ஆகவே 5,000 ரூபாய் அவருடைய வருமானத்திலிருந்து கழியும். கவனியுங்கள், வரியிலிருந்து அல்ல. அவர் 20 சதவீத வரம்பில் இருந்தால் மிச்சம் 1,000 ரூபாயும் அதன் மீதான 4 சதவீத செஸ்ஸும், ஆக 1,040 ரூபாய். மேலும் இந்த வகை நன்கொடைகளுக்கு, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் (அதாவது மற்ற கழிவுகள் போக நிற்கும் வருமானத்தில்) 10 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. முதலமைச்சரின் பொது நிவாரண நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்றவற்றுக்குக் கொடுத்தால் 100 சதவீதமும் கழியும், உச்சவரம்பும் இல்லை.

பொருளாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. அரிசி மூட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் ரசீது வாங்கிக்கொள்ளலாம், வரிக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கை. "50,000க்கு ரசீது தருகிறோம், கமிஷன் போக மீதியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுகிறோம்" என்று பேசும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். இது மோசடி. பொய்க் கழிவு பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் வரும்.

6. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்களுக்கு

இங்கே எல்லாம் உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் என்று வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. அதை வாங்க நிறுவனத்துக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். "ஊர்க்காரர்தானே" என்று சாதாரணக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் தொல்லை அனுப்பியவரோடு நிற்காது, அந்தச் சின்ன அறக்கட்டளையின் கழுத்தில் போய் விழும். அனுப்பும் முன் கேட்டுவிடுங்கள்.

7. இல்லங்களுக்கு உணவும் பொருளும்

பிறந்தநாள் என்றால் காப்பகத்தில் மதியச் சாப்பாடு என்பது வழக்கமாகிவிட்டது. ஓர் இல்லத்தின் சமையலறை வாசலில் தொங்கிய மாத அட்டவணையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளின் மதியக் கட்டங்கள் எல்லாவற்றிலும் பெயர்கள். ஒரு கட்டத்தில் இரண்டு குடும்பங்களின் பெயரை அடித்து அடித்து எழுதியிருந்தார்கள். வார நாட்களின் காலை உணவுக் கட்டங்கள் வரிசையாக வெறுமை. பொறுப்பாளர் அம்மா சொன்னார்: "ஞாயிறு பிரியாணி மிஞ்சிப்போகிறது தம்பி. செவ்வாய்க்கிழமை இட்லி மாவுக்குத்தான் கையைப் பிசைகிறோம்."

ஆகவே போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: எந்த நாள் காலியாக இருக்கிறது, எந்தப் பொருள் குறைவாக இருக்கிறது? பெரும்பாலும் நீங்கள் நினைக்காத பதில் வரும். முதியோர் இல்லங்களில் பெரியவர்களுக்கான டயப்பர், பெண் குழந்தைகள் இல்லங்களில் நாப்கின், எல்லா இடங்களிலும் துணி சோப்பு, மின்கட்டணம். வெளியே சமைத்த உணவைப் பல இல்லங்கள் ஏற்பதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. மளிகையாகக் கொடுத்துவிடுவது இரு பக்கமும் நிம்மதி.

பழைய துணி என்றால் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். உள்ளாடைகள் புதியவையாக மட்டும். நீங்கள் உடுத்தத் தயங்கும் துணியை அடுத்தவர் உடுத்துவார் என்று நினைப்பது தானம் இல்லை, வீட்டைக் காலி செய்வது.

குழந்தைகள் காப்பகமாக இருந்தால், அது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேளுங்கள். குழந்தைகளோடு படம் எடுத்துப் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. கேக் வெட்டும்போது அவர்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டச் சொல்வதையும் விட்டுவிடலாம்.

அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் தளத்தில் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். தலைமை ஆசிரியரிடம் முதலில் பேசிவிட்டுச் செய்தால் மூன்றாவது தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் வேலை இருக்காது.

8. ரத்தம்

செலவில்லாதது, காகிதம் குறைவு. அடையாள அட்டை ஒன்று போதும். வயது 18க்கு மேல் 65க்குள். முதல்முறை என்றால் 60க்குள். எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. அங்கேயே விரலில் குத்திப் பார்ப்பார்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்தது ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் கழித்து. பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம் போல ஆகும். படிவம், பரிசோதனை, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரத்தத்தை விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் தனியார் ரத்த வங்கிகள் பரிசோதனைக்கும் பதப்படுத்தவும் கட்டணம் வாங்குகின்றன. நாம் சும்மா கொடுத்ததை விற்கிறார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அருகில் எங்கே ரத்த வங்கி, எந்தப் பிரிவு கையிருப்பு என்பதை மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் பார்க்கலாம். "அவசரம், ஓ நெகட்டிவ்" என்று வரும் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அதில் உள்ள எண்ணுக்கு ஒரு அழைப்புப் போடுங்கள்.

9. உங்கள் நேரம்: தேர்வு எழுதித் தருவது

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வறையில் "சொல்வதை எழுதுபவர்" தேவைப்படுகிறார். ஆண்டுக்கு இரண்டு மூன்று முற்பகல்கள் கொடுத்தால் போதும். கல்லூரியின் மாற்றுத்திறனாளிகள் பிரிவிலோ பார்வையற்றோருக்கான அமைப்புகளிலோ பெயர் கொடுத்துவையுங்கள். புகைப்பட அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் நகல், ஓர் உறுதிமொழிக் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல தேர்வுகளில் உண்டு. முதுகலை முடித்தவர் இளங்கலைத் தேர்வுக்குப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். தேர்வுக்குத் தேர்வு விதி மாறுவதால் அறிவிக்கையைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரப்படுவதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் ஓடும். ஒப்புக்கொண்டால் கட்டாயம் போங்கள். நீங்கள் வராவிட்டால் கடைசி நேரத்தில் அவருக்கு வேறு ஆள் கிடைப்பது கடினம்.

10. கண்

கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் கொடுக்கலாம். வயது தடையில்லை. செலவும் இல்லை, கண் வங்கியினரே வீட்டுக்கு வருவார்கள், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், முகம் விகாரமாகாது. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். அவர்கள் வரும் வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மருத்துவர் தரும் இறப்புச் சான்றைத் தயாராக வைத்திருங்கள்.

நீங்கள் உறுதிமொழிப் படிவம் நிரப்பியிருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். ஆகவே படிவத்தைவிட வீட்டில் பேசுவது அவசியம். எதிர்ப்புச் சொல்லக்கூடிய பெரியப்பாவிடமும் பேசிவிடுங்கள். கண் வங்கியின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால், அன்றைக்கு அதன் பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியாது.